வாலாட்டியின் காதில் அடைத்த களிமண்

பாம்பும் பறவையும் ஒன்றையொன்று பேர் சொல்லித் திட்டிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், வாலாட்டிக் குருவியின் வால் ஆடாது. குச்சி மாதிரி சும்மா இருந்தது.

அப்போது எல்லா உயிரின் மண்டைக்குள்ளும் இரண்டு பேர் குடியிருந்தார்கள். ஒன்றின் பேர் உடனே. எதைப் பார்த்தாலும் "செய், இப்பவே செய்" என்று கத்தும். இன்னொன்றின் பேர் ஆச்சு. செய்து முடித்த பிறகு "ஆச்சு, போதும், விடு" என்று மெதுவாகச் சொல்லும். 'உடனே' வெளியே வரவே வராது. ஆச்சு மட்டும் தாகம் எடுத்தால் காது வழியாக இறங்கி, ஆற்றில் தண்ணீர் குடித்துவிட்டு, அதே வழியில் ஏறிக்கொள்ளும்.

ஆற்றங்கரைப் பொந்து ஒன்றில் மையாள் என்ற வாலாட்டி மூன்று முட்டை வைத்திருந்தாள். அவள் புருஷன் பேர் கூழான். ஒரு காலையில் அவன் பூச்சி பிடிக்கப் போயிருந்தான். மையாள் பொந்துக்குள் எட்டிப் பார்த்தாள். மூன்றும் இருந்தன. "ஆச்சு, பத்திரம். போய்க் குளி" என்றது மண்டைக்குள் இருந்த குரல். போனாள்.

இறகு நனைவதற்குள் சாரைப்பாம்பு வந்து ஒரு முட்டையை விழுங்கிவிட்டது. கூழான் திரும்பி வந்து அதன் கண்ணைக் கொத்தப் பாய்ந்ததால்தான் மற்ற இரண்டும் தப்பின.

"மையா, உப்பு இல்லாமலே நல்லா இருந்துச்சு" என்றது சாரை, நாணலுக்குள் இருந்து. "மீதி ரெண்டும் பொரியட்டும். குஞ்சா வந்து வாங்கிக்கறேன்."

ஆச்சு தண்ணீர் குடிக்க இறங்கியதும் மையாள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"நீதானே பத்திரம்னு சொன்ன?"

"பார்த்தப்ப பத்திரமாத்தானே இருந்துச்சு? பார்த்ததைத்தான் நான் சொல்வேன். வரப்போறது எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்புறம் நீ எனக்கு எதுக்கு?"

உள்ளேயிருந்து 'உடனே' கத்தியது: "காதை அடை! இப்பவே அடை!"

யோசிக்கவேண்டிய இடம் அதுதான். அவள் யோசிக்கவில்லை. கரையில் கிடந்த களிமண்ணை அலகால் வாரி இரண்டு காதிலும் அப்பிக்கொண்டாள். வெயில் அதைச் சுட்டுக் கெட்டியாக்கிவிட்டது. மற்றவர்கள் சத்தமாகப் பேசினால் அவளுக்குக் கேட்கும். ஆச்சு எப்போதும் மெதுவாகத்தான் பேசும். அது வெளியே நின்றுபோனது.

புருஷனும் பெண்டாட்டியும் ஒரு தட்டைக் கல்லை உருட்டிப் பொந்தின் வாயை மூடினார்கள். மூடிவிட்டால் கரையோடு கரை. எந்தப் பாம்புக்கும் கண்ணில் படாது. உள்ளே இரண்டு குஞ்சு பொரிந்தன.

மையாள் கல்லுக்கு முதுகைக் காட்டி நின்று நாணலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை எடுக்கப் பயம். ஆனால் பின்னால் கல் இருக்கிறதா? வாலைத் தாழ்த்தி ஒரு தட்டு தட்டினாள். டக். இருக்கிறது. அப்பாடா.

ஒரு மூச்சு விடுவதற்குள், நகர்ந்திருக்குமோ? டக். அப்பாடா. டக்.

முதலில் அந்த அப்பாடாவுக்காகத் தட்டினாள். போகப் போக அதுவும் வரவில்லை. தட்டாவிட்டால் வருகிற பயத்துக்காகத் தட்டினாள்.

"ஏண்டி, கல்லு எங்க போயிடப்போகுது?" என்றான் கூழான். "நானே பார்த்தேன், அங்கதான் இருக்கு."

"தெரியும்."

"தெரிஞ்சா நிறுத்து."

"முடியல."

"திமிரு."

"திமிரா? நீ வேணா பிடிச்சு நிறுத்திப் பாரு."

அலகால் கவ்விப் பிடித்தான். பிடித்திருந்தவரைக்கும் அவள் உடம்பு காய்ச்சல் கண்டது போல உதறியது. விட்ட நொடியில் வால் முன்னைவிட வேகமாகத் தட்டியது.

பாம்புக்கு ஏது காது? அதற்கு வயிறுதான் காது. தரை அதிர்ந்தால் தெரிந்துகொள்ளும். நாணல் விலகியது. சாரை தலையைத் தாழ்த்தி, வயிற்றை மண்ணில் அழுத்தி, ஒவ்வொரு டக்குக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஊர்ந்து வந்தது.

"எங்க எங்கன்னு அலைஞ்சுக்கிட்டு இருந்தேன். நீயே கூப்பிட்டு வழி சொல்றியே மையா!"

"நிறுத்துடி! உன் வாலாலதான் வருது!" கூழான் அலறினான்.

அவளுக்கும் தெரிந்தது. அதுதான் கொடுமை. எல்லாம் தெரிந்தும் வால் நிற்கவில்லை. கல்லுக்குப் பின்னால் குஞ்சுகள் பசியில் கீச்சிட்டன. சாரை நாக்கை நீட்டினால் தொடும் தூரம்.

வால் அவள் பேச்சைக் கேட்கவில்லை. காலைப் பார்த்தாள். கால் கேட்டது.

கல்லை விட்டு ஒரு எட்டு வைத்தாள். வால் கல்லைத் தேடிக் காணாமல் கூழாங்கல்லைத் தட்டியது. டக். திரும்பிப் போ, கல் இருக்கிறதா என்று பார், இப்பவே பார் என்று 'உடனே' மண்டை வெடிக்கக் கத்தியது. இன்னொரு எட்டு. செத்துவிடுவோம் என்றே நினைத்தாள். இன்னும் ஒன்று. பிறகு ஓடினாள், கரை நெடுக, தட்டிக்கொண்டே.

சாரை நின்றது. அதன் வயிறு சத்தம் போன பக்கம் திரும்பியது. "ஓ, கூடு அங்கேயா இருக்கு?" என்று பின்னாலேயே போனது. ஆற்று வளைவில் தண்ணீர் இரைச்சலோடு பாயும் இடத்தில், நடுப்பாறையில் பறந்து போய் நின்று மையாள் தட்டினாள். சாரை தண்ணீரில் இறங்கியது. வெள்ளம் அதைச் சுருட்டி இழுத்துக்கொண்டு போனது.

திரும்பி வந்தாள். கல் இருந்தது. குஞ்சுகளும் இருந்தன.

காதோரம் காத்திருந்த ஆச்சு சொன்னது: "ஆச்சு மையா. முடிஞ்சுது. விடு."

கூழான் களிமண்ணைக் கொத்திக் கொத்திப் பார்த்தான். பொட்டளவுதான் பெயர்ந்தது.

"இப்போ கேக்குதா?"

"யாரோ பேசற மாதிரி இருக்கு. என்னன்னு தெரியல" என்றாள். டக்.

வெளியே வந்த குஞ்சுகள் அம்மாவைப் பார்த்தன. நிற்பது என்றால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு, தாங்களும் வாலைத் தாழ்த்தித் தட்டின.

மனிதர்கள் மட்டும் என்ன ஒழுங்கா? பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து மறுபடி இழுக்கிறவரைக் கேளுங்கள். பூட்டினது தெரியும் என்றுதான் சொல்வார்.

அன்றைக்குத் தொடங்கியது இன்னும் நிற்கவில்லை. ஆற்றங்கரையில் வாலாட்டி நின்றால் பாருங்கள்: பின்னால் கல் இருக்காது, கூடு இருக்காது, பாம்பும் இருக்காது. வால் மட்டும் தட்டிக்கொண்டே இருக்கும்.