கப்பலேறிய கதவு

கடல் தாண்டிப் போகக் காற்றைத் தவிர வேறு துணை இல்லாத ஒரு காலத்தில், முத்தூர்ப்பட்டினத்தை விசயவழுதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் ஒன்று தோன்றினால் மத்தியானத்துக்குள் அது நடந்தாக வேண்டும். சாயங்காலம் அவரே அதை மறந்துவிடுவார். பக்கத்தில் இருப்பவர்கள் பாடு திண்டாட்டம்.

அந்த வருஷம் ஊருக்கே கிராம்புப் பைத்தியம் பிடித்திருந்தது. கிழக்குத் தீவில் நெல்லைக் கொடுத்துக் கிராம்பு வாங்கி வந்தால் ஒன்றுக்குப் பத்து என்று பேச்சு. சவரத்துக்கு உட்கார்ந்தால் நாவிதர் கிராம்பு விலை சொன்னார். கோயில் குருக்கள் மந்திரத்தைப் பாதியில் நிறுத்தி, போன கப்பல் வந்துவிட்டதா என்று விசாரித்தார். கிராம்பைக் கண்ணாலேயே பார்க்காதவர்கள்தான் அதைப் பற்றி அதிகம் பேசினார்கள். எந்த ஊரில்தான் அப்படி இல்லை?

இந்தப் பேச்சை அரண்மனைக்குக் கொண்டுபோனவர் மழவராயர். ராஜா தும்மினால் முந்திக்கொண்டு 'நூறாயுசு' சொல்கிற ஆசாமி. பண்டகசாலையைப் பார்த்துவந்த மந்திரி உமையாளைக் கண்டால் அவருக்கு ஆகாது. அந்தப் பதவியைத் தன் மச்சினனுக்கு வாங்கித் தர வேண்டும் என்று வெகுநாள் ஆசை.

களஞ்சியத்து நெல் சும்மா தூங்குகிறதே, அவ்வளவையும் ஒரே கப்பலில் ஏற்றி அனுப்பினால் மகாராஜாவின் பெயர் ஏழு தீவுகளிலும் மணக்குமே என்று அவர் பதமாக எடுத்துச் சொன்னார். ராஜாவுக்கு அப்போதே மணக்க ஆரம்பித்துவிட்டது. உமையாளை வரச்சொல்லி யோசனை கேட்டார்.

அந்த நெல்லில் பாதி குடியானவர்களின் விதைநெல், அது போனால் அடுத்த பட்டத்துக்கு ஊரில் ஒரு பிடி விதை இருக்காது என்றாள் உமையாள். மிச்சம் பாதியை வேண்டுமானால் அனுப்பிப் பார்க்கலாம் என்றாள்.

"பாதி, கால் எல்லாம் இருக்கட்டும். கப்பல் திரும்புமா, திரும்பாதா? அதைச் சொல்லும்," என்றார் ராஜா.

"தெரியாது, மகாராஜா."

சபை கொல்லென்று சிரித்தது. மழவராயர் எழுந்து நின்று, கப்பல் கட்டாயம் திரும்பும், தான் வாக்குக் கொடுப்பதாக மார்தட்டினார். ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. தெரியாது என்று சொல்ல ஒரு மந்திரி எதற்கு, அதற்கு என் பட்டத்து யானையே போதுமே என்று சத்தம் போட்டார். நாளைக் காலையில் மொத்த நெல்லும் கப்பலேற வேண்டும், ஏறிய கையோடு பண்டகசாலைச் சாவி மழவராயர் கைக்குப் போக வேண்டும். அதுதான் உத்தரவு.

உமையாள் இடுப்பிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்தாள். சாவி போகட்டும், விதைநெல் போனால் ஊர் என்ன ஆகும்? ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "அப்படியே ஆகட்டும். மழவராயர் வீட்டுக் கதவு மட்டும் துறைமுகத்துக்கு வந்துவிட்டால் போதும்," என்றாள்.

அது அந்தத் துறைமுகத்து வணிகர்களின் வழக்கம். கப்பல் திரும்பும் என்று வாக்குக் கொடுத்து அடுத்தவர் சரக்கை ஏற்றச் சொல்கிறவர், தன் வீட்டு வாசல் கதவைக் கழற்றி அதே கப்பலில் ஏற்ற வேண்டும். கப்பல் வந்தால் கதவு வரும். அதுவரை வாசலில் பாய்தான் தொங்கும். பாய் தொங்கும் வீடென்றால் கண்ணை மூடிக்கொண்டு பெண் கொடுப்பார்கள். ராஜாவுக்கு இந்த வழக்கம் ரொம்பப் பிடித்துவிட்டது. சபை நடுவில் மழவராயரால் மறுக்க முடியுமா? இளித்துக்கொண்டே தலையாட்டினார்.

மறுநாள் மேளதாளத்தோடு, பட்டு போர்த்திய கதவு துறைமுகத்துக்கு வந்தது. ராஜாவே அதற்குச் சந்தனம் பூசட்டும் என்று உமையாள் கேட்டுக்கொண்டாள். ராஜா பட்டை விலக்கி உள்ளங்கையைக் கதவில் வைத்தார். வைத்த கை வரவில்லை. பிசின்! நேற்று வெட்டிய மாமரம்.

"மழவராயரே, உம்ம வீட்டுக் கதவில் கஜலட்சுமி இருப்பாளே?" என்றார் ராஜா.

மழவராயருக்கு வேர்த்துக் கொட்டியது. "அது மாமனார் செய்து கொடுத்த தேக்கு, மகாராஜா. கப்பலுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்த மாதிரிக் கதவுக்கு நான் எங்கே போவேன்?"

ராஜா பிசின் அப்பிய கையைப் பார்த்தார். வரிசையாக அடுக்கியிருந்த மூட்டைகளைப் பார்த்தார்.

"விதைநெல்லுக்கு நான் எங்கே போவேன்?" என்றார். அவர் குரல் அவ்வளவு தணிந்து யாரும் கேட்டதில்லை.

விதைநெல் மூட்டைகள் களஞ்சியத்துக்குத் திரும்பின. மிச்சத்தை ஏற்றும்போது உமையாள் வீட்டு வண்டியும் வந்தது. அதில் அவளுடைய இரட்டைக் கதவில் ஒரு பக்கம் மட்டும் இருந்தது. இன்னொரு பக்கம் எங்கே என்று ராஜா கேட்டார்.

"வீட்டில் இருக்கிறது, மகாராஜா. நெல்லிலும் பாதிதானே போகிறது? ஒரு பக்கம் போனால் நாய் நுழையும், விரட்டிக்கொள்வேன். இரண்டும் போனால் எனக்குத் தூக்கம் வராது. கடல் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. எவ்வளவு போனால் தூங்க முடியும் என்பது தெரியும்."

சாவி அவளிடமே இருக்கட்டும் என்றார் ராஜா. தம் சபையில் இனி யார் 'தெரியாது' என்று சொன்னாலும் சிரிக்கக்கூடாது என்று உத்தரவு போட்டார். மழவராயரின் தேக்குக் கதவு களஞ்சியத்து வாசலுக்குப் போயிற்று. மாமரக் கதவு அவர் வீட்டு வாசலுக்கே போயிற்று. மழை வந்ததும் பச்சை மரம் ஊதி இறுகிக்கொள்ள, மனிதர் சன்னல் வழியாக ஏறிக் குதித்துச் சபைக்கு வந்துபோனார்.

இவ்வளவுக்கும் அந்தக் கப்பல் பத்திரமாகத் திரும்பியது. வயிறு முட்டக் கிராம்பு. மழவராயருக்குப் போன உயிர் வந்தது. "பார்த்தீர்களா மகாராஜா? அன்றைக்கே மொத்தத்தையும் அனுப்பியிருந்தால் இதுபோல் இரண்டு பங்கு கிடைத்திருக்கும்," என்றார்.

ராஜா உமையாளைத் திரும்பிப் பார்த்தார். "கிடைத்திருக்கும்," என்று அவள் ஒப்புக்கொண்டாள்.

"கிடைத்திருக்கும்தான்," என்றார் ராஜாவும். "அது சரி, மழவராயரே, அன்றைக்கு உம்ம தேக்குக் கதவு எங்கே இருந்தது?"

மழவராயர் வாய் திறக்கவில்லை. வெளியே நல்ல மழை. வீட்டில் அவருடைய கதவும் திறக்காமல்தான் இருந்தது.