இன்னும் ஒரு தட்டு

இரும்பு என்றால் என்னவென்றே தெரியாத காலத்தில், வறண்ட ஓடை ஒன்றின் கரையில் ஒரு சிறு குடி இருந்தது. பிள்ளை பிறந்தால், தொப்புள்கொடி அறுக்கும் கற்கத்தியைத் தகப்பனே தன் கையால் தட்டி எடுக்க வேண்டும். அது அவர்கள் வழக்கம்.

கீரனுக்கு அந்த வேலை வராது. முதல் பிள்ளைக்குப் பக்கத்துக் குடிசையில் கத்தியை இரவல் வாங்கினான். அந்தப் பிள்ளை தங்கவில்லை. இப்போது, தலை நரைத்த வயதில், அவன் மனைவி மருதி மறுபடியும் நிறைமாதமாக இருந்தாள். இந்த முறை ஒரு குறையும் இல்லாத கத்தி செய்தே தீருவது என்ற வைராக்கியத்தோடு சாத்தியிடம் போய் நின்றான்.

சாத்தி அவனைவிட வயதில் சின்னவள். ஆனால் அந்தக் குடியில் கல் அவள் சொன்னபடிதான் கேட்கும். சீடனாகவே வந்தாலும் அவனை அண்ணே என்றுதான் கூப்பிட்டாள்.

"ஓரத்துல தட்டுங்க அண்ணே. நடுவுல தட்டினா கல்லுக்குக் கோபம் வரும்."

அவன் நடுவில்தான் தட்டினான். கல் உடைந்ததைவிட விரல் நசுங்கியதுதான் அதிகம். மெல்ல மெல்லச் சில்லு பெயரத் தொடங்கியது. எதுவும் அவனுக்குப் பிடிக்கவில்லை. ஒன்று கோணல், ஒன்று தடிப்பு. எல்லாவற்றையும் முழங்காலுக்கு அப்பால் வீசினான்.

"இது போதுமே அண்ணே."

"போதாது அம்மா. என் பிள்ளைக்கு இது போதாது."

ஒருநாள் உச்சி வெயிலில், அவன் தட்டியதும் ஓடைக்கரை மேட்டுக்கு அப்பாலிருந்து இன்னொரு தட்டு கேட்டது.

டக்.

"எதிரொலியா அம்மா?"

"நீங்க தட்டாம இருந்து பாருங்க."

கல்லைக் கீழே வைத்தான். ஓடையில் ஒரு காக்கைகூட இல்லை.

டக். டக்.

கீரன் மேட்டுப் பக்கம் திரும்பினான். "யாரு அது?"

"போய்ப் பார்த்துட்டு வாங்க."

பயந்துகொண்டேதான் போனான். அங்கே ஆள் இல்லை. பாறையின் நிழலில் முழங்கால் உயரத்துக்குச் சில்லுகள் குவிந்து கிடந்தன. குவியலுக்கு நடுவில், ஓர் ஆள் சம்மணம் போட்டு உட்காரும் அளவுக்கு வெறும் தரை. மடக்கிய கால்களின் வடிவம்கூட அப்படியே தெரிந்தது.

ஒரு சில்லை எடுத்தான். ரத்தம் வந்த பிறகுதான் விரல் அறுபட்டதே தெரிந்தது. இன்னொன்றை எடுத்தான். அதுவும் அப்படித்தான். யாரோ கழிவென்று வீசிய அத்தனையும் நல்ல கத்திகள்.

என்ன நினைத்தானோ, அந்த வெறும் தரையில் உட்கார்ந்து பார்த்தான். அவனுக்கென்றே அளவெடுத்தது போலப் பொருந்தியது. நிழலில் கிடந்த தரைதான், ஆனால் இப்போதுதான் யாரோ எழுந்து போனது போல வெதுவெதுப்பாக இருந்தது.

எடுத்தான் ஓட்டம்.

"பார்த்தீங்களா அண்ணே?" என்றாள் சாத்தி.

"அங்க ஆள் இல்லை."

"இடம் இருந்துச்சா?"

அவன் அறுபட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டான்.

மருதிக்கு வலி கண்ட அன்று கத்தி ஏறக்குறைய முடிந்திருந்தது. நுனியில் மட்டும் ஒரு சின்ன முண்டு. குடிசைக்குள்ளிருந்து மருத்துவச்சி கத்தினாள்.

"பிள்ளை பொறந்தாச்சு! கத்தி எங்கப்பா?"

"இதோ வந்துட்டேன்."

முண்டு போய்விட்டது. ஆனால் பக்கவாட்டில் ஒரு பிசிறு விழுந்தது. அதைச் சரிசெய்தால் முடிந்தது.

"ஏம்ப்பா, வரியா இல்லையா? பிள்ளை குளிர்ல விறைக்குது!"

"இன்னும் ஒரே ஒரு தட்டு!"

தட்டும் கல்லை ஓங்கினான்.

டக்.

அவன் கை இன்னும் மேலேதான் இருந்தது. சத்தம் மேட்டுக்கு அப்பாலிருந்து வரவில்லை. அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

கீரன் திரும்பிப் பார்க்கவில்லை. கையிலிருந்த கத்தியை அப்படியே போட்டான். கோணல் என்று வீசிய ஒரு சில்லு காலடியில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு ஓடினான்.

கொடி ஒரே இழுப்பில் அறுந்தது. பெண் குழந்தை. குடி முழுக்கக் கேட்கும்படி வீறிட்டு அழுதது. கீரனும் அழுதான்.

மாலையில் சாத்தியிடம் போனான். மேட்டுக்கு அப்பால் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

"யாரும்மா அவர்?"

"அவரும் ஒரு தகப்பன்தான் அண்ணே. இன்னும் ஒரே ஒரு தட்டு, இதோ வந்துட்டேன்னு சொன்னார்."

"எப்போ சொன்னார்?"

சாத்தி மணலைப் பார்த்தாள்.

"இந்த ஓடையில தண்ணி ஓடின காலத்துல."