தேனீக்கு மாற்று ஆள்

கூதல்மலை ஜமீன்தாரின் மூக்கில் ஒரு மலைத்தேனீ கொட்டிவிட்டது. கொய்யாப்பழமாக வீங்கிய மூக்கோடு, பல்லக்குக்கு முன்னே தீவட்டி பிடிக்கும் மாசாணத்தைக் கூப்பிட்டார்.

"இந்த மலையில ஒரு தேன்கூடு மிஞ்சக்கூடாது. எல்லாத்தையும் கொளுத்து. இல்லேன்னா உன் குடிசையைக் கொளுத்துவேன்."

மாசாணம் தலையைச் சொறிந்தான். "உத்தரவு சாமி. ஏலத்தோட்டத்துல அதுங்க பார்க்கிற வேலைக்கு மட்டும் மாற்று ஆள் விடணும்."

"ஈ பார்க்கிற வேலை என் சேவகனுக்குப் பெரிசா? நாளைக்கே விடறேன்."

விடிந்ததும் ஆளுக்கொரு கோழியிறகோடு சேவகர்கள், தரையோடு பூக்கும் ஏலச்செடிகளின் அடியில் குந்தினார்கள். அன்று விரிந்த பூ அன்றே வாடிவிடும். அதற்குள் பூவுக்குப் பூ மகரந்தத்தைத் தொட்டு வைக்க வேண்டும். உச்சிவெயில் வந்தபோது எல்லோருக்கும் இடுப்பு பிடித்துக்கொண்டது, ஒரு சரிவுகூட முடியவில்லை. ஏலக்காய் இல்லையென்றால் ஜமீன் ஏது?

"கூட்டுப் பக்கம் போகாதே" என்றார் ஜமீன்தார்.

கூடுகளைக் கொளுத்த ஏற்றி வைத்திருந்த தீவட்டியை மாசாணம் ஓடையில் முக்கினான். அது சுர்ரென்று அணைந்த பிறகுதான் அவனுக்கு மூச்சே வந்தது.

"அப்போ என் மூக்குக்கு யாருடா பதில் சொல்றது?"

"மூக்குதான் வேலைக்குப் போற ஆளுக்குக் குறுக்கே நின்னுடுச்சு சாமி."