பொந்துக்கு வந்த படம்

செம்பி என்ற மலை அணிலுக்குப் புதுக் கேமரா வந்த அன்று, காட்டில் பாதிப் பேர் அதன் மரத்தடியில் கூடிவிட்டார்கள்.

"இவ்வளவுதானா? விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கிறதே!" என்றது முயல்.

"விளையாட்டுச் சாமானா? ஃபுல் ஃப்ரேம்! மிரர்லெஸ், உள்ளே கண்ணாடியே கிடையாது!" என்றது செம்பி. "படம் பதிகிற சென்சார், கருமுகன் மாமாவின் கேமராவில் எவ்வளவு பெரிதோ, இதிலும் அவ்வளவு பெரிது! உடம்புதான் சிறிது!"

கருமுகன் ஒரு கருங்குரங்கு. பல வருடங்களாகக் காட்டைப் படம் பிடித்து வருவது. அதன் கேமராவும் நீண்ட லென்சும் சேர்ந்தால் ஒரு பலாப்பழம் கனக்கும். அது செம்பியின் கேமராவை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தது.

"பிடித்துக்கொள்ள இடமே இல்லையே, செம்பி."

"விரல் நுனியே போதும் மாமா!"

"தூரத்தில் இருப்பதை எடுக்க வேண்டும் என்றால்?"

"பக்கத்தில் போய் எடுப்பேன்!"

"பேட்டரி ரொம்பச் சின்னதாக இருக்கிறதே. எத்தனை நேரம் வரும்?"

மாமாவுக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டு செம்பி அடுத்த கிளைக்குத் தாவிவிட்டது.

ஆனால் செம்பியின் மகிழ்ச்சியில் நியாயம் இருந்தது. அதன் பழைய கேமரா கனமானது. அதனால் எப்போதும் கூட்டிலேயே கிடக்கும். நல்ல காட்சி ஒன்றைப் பார்த்து, ஓடிப் போய் எடுத்து வருவதற்குள் காட்சி கலைந்திருக்கும். புதியதோ நாள் முழுக்கக் கழுத்திலேயே தொங்கியது. தவளை கொட்டாவி விட்டது, மழை விட்டதும் எறும்புகள் முட்டைகளை வெயிலுக்குக் கொண்டுவந்தது, எல்லாமே படமாயின.

அந்தப் படங்களுக்காகவே தினமும் ஒருவர் காத்திருந்தார். தாய் இருவாட்சிப் பறவை.

உயரமான ஒரு மரத்தின் பொந்துக்குள் அது தன்னைத் தானே அடைத்துக்கொண்டிருந்தது. இருவாட்சிகளின் வழக்கம் அது. முட்டை பொரிந்து குஞ்சு வளரும் வரை தாய் வெளியே வராது. அந்த நாட்களில் அதன் சிறகுகளும் உதிர்ந்து புதிதாக முளைக்கும், பறக்கவே முடியாது. வாசலை மண்ணால் பூசி, அலகு நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பை மட்டும் விட்டிருக்கும். அதன் வழியாகத் தந்தைப் பறவை அத்திப்பழம் ஊட்டும்.

செம்பி பின்னங்கால்களால் மரத்தைப் பற்றித் தலைகீழாகத் தொங்கும். முன்னங்கால்களால் கேமராவைப் பிடித்து, அதன் திரையை வெடிப்புக்கு நேராகக் காட்டும்.

"ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதா!" என்று உள்ளிருந்து குரல் வரும். "இன்னொரு தடவை காட்டு, செம்பி!"

ஒரு நாள் காலை மலையில் பெருங்காற்று அடித்தது. உச்சிப் பொழுதாகியும் தந்தைப் பறவை வரவில்லை.

மரத்தடியில் ஓர் உடும்பு வந்து உட்கார்ந்தது. மேலே பார்த்துச் சோகமாகப் பேசியது.

"உன் வீட்டுக்காரர் காற்றில் விழுந்து இறந்துவிட்டாரம்மா! என் கண்ணாலேயே பார்த்தேன். இனி உனக்கு யார் சோறு போடுவார்? பூச்சை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடு! நான் துணைக்கு இருக்கிறேன்!"

சற்று நேரத்தில் செம்பி வந்தது. உள்ளே டக், டக் என்று சத்தம். பூச்சில் ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது.

"அக்கா! உடைக்காதீர்கள்! உங்களுக்குச் சிறகு முளைத்து முடியவில்லை! கீழே உடும்பு நிற்கிறது, குஞ்சைத் தின்றுவிடும்!"

"அவர் போய்விட்டார், செம்பி. இங்கேயே இருந்தால் குஞ்சும் நானும் பட்டினியால் சாவோம்."

"நான் தேடிப் பார்க்கிறேன் அக்கா! அத்தான் இருப்பார்!"

"வாயால் சொன்னால் நம்ப மாட்டேன். அவரை நான் பார்க்க வேண்டும்."

"வெயில் சாய்வதற்குள் காட்டுகிறேன்!" என்று செம்பி பாய்ந்தது.

தந்தைப் பறவை பெரும் பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கம் ஒரு பாறை விளிம்பில் இருந்தது. ஓர் இறக்கை தொங்கிக் கிடந்தது.

"இறக்கையில் அடி! இரண்டு மூன்று நாளில் பறந்துவிடுவேன்! அவளை வெளியே வர வேண்டாம் என்று சொல்!" என்று கத்தியது.

செம்பி கேமராவைத் தூக்கிப் படம் எடுத்தது. திரையில் பெரிதாக்கிப் பார்த்தது. மங்கலாக ஒரு கரும்புள்ளி. காக்கையா, கல்லா, யாரும் சொல்ல முடியாது. பக்கத்தில் போகலாம் என்றால் நடுவில் பள்ளத்தாக்கு.

அதோடு திரையின் ஓரத்தில் சிவப்பு விளக்கு மின்னியது. முந்தின நாளெல்லாம் பட்டாம்பூச்சிகளை வீடியோ எடுத்ததில் பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது. உடனே செம்பி கேமராவை அணைத்துவிட்டுக் கருமுகனிடம் ஓடியது.

"மாமா, அன்று உங்கள் கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் போய்விட்டேன். தப்பு. இப்போது உதவி வேண்டும்!"

கருமுகன் எதையும் குத்திக்காட்டவில்லை. கனத்த கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியது. பள்ளத்தாக்கின் ஓரத்தில் ஒரு மரக் கவட்டையில் லென்சைச் சாய்த்து வைத்து, மூச்சை அடக்கி, பொத்தானை அழுத்தியது. தந்தைப் பறவையின் கண்ணிமைகூடத் தெளிவாக விழுந்தது.

"வாருங்கள் மாமா, கொண்டு போய்க் காட்டலாம்!"

"இதையா? இந்தப் பாரத்தோடு அந்த வழுக்கு மரத்தில் நான் எங்கே ஏறுவது? தலைகீழாகத் தொங்கினால் நானும் கேமராவும் உடும்பின் தலையில்தான் விழுவோம்."

"பேட்டரியையாவது கொடுங்கள்!"

"என்னுடையது உன் கேமராவுக்குள் நுழையாது, செம்பி. ஆனால் கார்டு நுழையும்."

கருமுகன் படம் பதிந்த கார்டைக் கழற்றிக் கொடுத்தது. செம்பி அதை வாயில் கவ்விக்கொண்டு மரத்துக்கு மரம் தாவியது.

பூச்சில் பாதி உடைந்திருந்தது. உடும்பு தண்டில் ஏறத் தொடங்கியிருந்தது.

"அக்கா! ஒரு நிமிடம்! வெடிப்பருகே வாருங்கள்!"

செம்பி தலைகீழாகத் தொங்கியது. கார்டைக் கேமராவுக்குள் செருகியது. தாயின் கண் வெடிப்பருகே வந்த பிறகுதான் கேமராவை இயக்கியது.

படம் வந்தது. தாய் உற்றுப் பார்த்தது.

"மஞ்சள் கொண்டையில் அந்தச் சின்ன வெட்டு... அவரேதான்! கண் திறந்திருக்கிறது! உயிரோடு இருக்கிறார்!"

அதற்குள் திரை இருண்டுவிட்டது.

"அத்தானே சொல்லச் சொன்னார் அக்கா. இரண்டு மூன்று நாளில் வந்துவிடுவார். அதுவரை பழம் நாங்கள் கொண்டு வருவோம்!"

உடும்பின் தலை வாசலருகே தெரிந்தபோது தாயின் கூரிய அலகு வெடிப்பிலிருந்து பாய்ந்து அதன் மூக்கைப் பதம் பார்த்தது. உடும்பு தொப்பென்று விழுந்து புதருக்குள் ஓடியது. உள்ளே கிடந்த மண்ணையும் எச்சத்தையும் குழைத்துத் தாய் மறுபடி பூசத் தொடங்கியது.

மூன்று நாட்கள் செம்பியும் கருமுகனும் மாறி மாறி அத்திப்பழம் சுமந்தார்கள். நான்காம் நாள் தந்தைப் பறவை தானே பறந்து வந்தது.

அதன் பிறகும் செம்பி சிறிய கேமராவைத்தான் வைத்துக்கொண்டது. ஆனால் மாற்றுப் பேட்டரி இல்லாமல் கூட்டை விட்டு இறங்குவதில்லை. தூரத்துப் பறவை என்றால் கூச்சப்படாமல் கருமுகனைக் கூப்பிடும்.

ஒரு நாள் கருமுகன் மெல்லக் கேட்டது: "செம்பி, நாளைக்கு ஒரு நாள் உன் கேமராவைத் தருகிறாயா? கழுத்து வலிக்கிறது."

கைக்கு அடக்கமான கருவியை விரும்புவது தவறல்ல. அப்படி அடங்குவதற்காக அது எதையெல்லாம் விட்டுக்கொடுத்திருக்கிறது என்பதையும் தெரிந்து வைத்திருப்பவருக்கே அது சமயத்தில் உதவும்.