கமர்கட் கரையும் வரை

சுகிர்தாவுக்கு நடந்தது அநியாயம். பத்தாம் வகுப்பில் ஐந்நூறுக்கு நானூற்று எழுபத்தொன்று வாங்கியவள் அவள். பதினோராம் வகுப்பு விண்ணப்பத்தில் என்ன குரூப் வேண்டும் என்று அவள் எழுதுவதற்கு முன்பே, தாளின் வலது மூலையில் பென்சிலால் ‘நர்சிங்’ என்று யாரோ எழுதியாகிவிட்டது.

யாரோ என்ன யாரோ. தலைமையாசிரியர்தான். அந்த மலைப் பள்ளியில் அது வழக்கம். தேர்வு முடிவு வந்ததும் விண்ணப்பக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். கடைவீதிப் பிள்ளைகளுக்கு முதல் குரூப் அல்லது காமர்ஸ். தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுப் பெண்களுக்கு நர்சிங். “சீக்கிரம் ஒரு வேலை கிடைக்கும், பாவம்” என்பார். கெட்ட மனிதர் என்றால் சண்டை போட்டுவிட்டுப் போய்விடலாம். இவர் நல்ல மனிதர். அதுதான் தொல்லை.

அந்தப் பென்சில் எழுத்தைக் கண்டுபிடித்தவள் சங்கவி. கோவையில் உளவியல் முதுகலை படிக்கிறவள். பள்ளி ஆலோசகர் மங்கையர்க்கரசியிடம் தொழில் பழக மூன்று வாரத்துக்கு முன் மலையேறி வந்தவள். எதிரில் நிற்பவர் வாயைத் திறப்பதற்குள் பதில் சொல்லிவிடுவாள். அதில் அவளுக்குப் பெருமையும் உண்டு.

ஆலோசகர் அறை ஒரு காலத்தில் வரைபடங்கள் வைத்த அறை. மங்கையர்க்கரசி ஜன்னலைச் சாத்தவே மாட்டார். மேகம் சாவகாசமாக உள்ளே வரும். சுவரில் தொங்கும் நாடுகள் ஒவ்வொன்றாக மறையும். கொஞ்ச நேரம் கழித்துக் கடல்கள் முதலில் திரும்பி வரும், பிறகு கரைகள். அந்த அறையில் பேசும்போது பாதிப் பேச்சு யாரிடம் என்றே தெரியாது.

சங்கவி விண்ணப்பத்தை மேசையில் வைத்தாள்.

“மேடம், இது அநியாயம்.”

“ஆமா.”

“போய்க் கேட்டுடவா?”

“யாரை?”

“எச்.எம்.மைத்தான். வேற யாரை?”

மங்கையர்க்கரசி ஈரத்தில் சுருண்டிருந்த ஒரு வரைபடத்தை நீவிக்கொண்டிருந்தார். “கேளு” என்றார்.

சங்கவி கேட்டாள். அரை மணி நேரம் கேட்டாள்.

“லைன் வீட்டுல பிறந்தா நர்சுன்னு எந்த அரசாணையில சார் இருக்கு?”

“அரசாணை இல்லம்மா. அனுபவம்.”

“உங்க பொண்ணு என்ன குரூப் சார் படிச்சாங்க?”

தலைமையாசிரியர் இழுப்பறையைத் திறந்து ரப்பரை எடுத்தார். அவர் அழித்த தூளைச் சங்கவியே ஊதித் தள்ளினாள். தன் நீலப் பேனாவால் கட்டத்துக்குள் ‘முதல் குரூப்’ என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். வராந்தாவில் நின்ற சுகிர்தாவைக் கூப்பிட்டாள்.

“இனி உன்னை யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. நீ டாக்டருக்கே படிக்கலாம். இங்க கையெழுத்துப் போடு.”

சுகிர்தா தலையாட்டினாள். கையெழுத்துப் போட்டாள். மேகத்துக்குள் நடந்து போனாள்.

“ஜெயிச்சுட்டேன் மேடம்” என்று வந்து சொன்னாள் சங்கவி.

“அவ?”

“அவளும்தான்.”

“ம்” என்றார் மங்கையர்க்கரசி.

அது புதன்கிழமை. வியாழனன்று முதல் குரூப் வகுப்பில் சுகிர்தா இல்லை. வெள்ளியன்றும் இல்லை. திங்கள் காலை தலைமையாசிரியர் வராந்தாவில் சங்கவியை நிறுத்தினார்.

“உங்க டாக்டரம்மா வரலயே? வர்ற வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பட்டியல் கம்ப்யூட்டர்ல ஏறிடும். ஏறிட்டா இந்த வருஷம் மாத்த முடியாது. வராத பிள்ளை பேரை நான் ஏத்தவும் முடியாது. அந்த இடத்துக்கு ரெண்டு பேர் நிக்கிறாங்க.”

சங்கவி ஆலோசகர் அறைக்கு ஓடினாள். அன்று மேகம் கனமாக இருந்தது. மங்கையர்க்கரசியின் கண்ணாடி மட்டும்தான் தெரிந்தது.

“மேடம், நான் என்ன தப்புப் பண்ணேன்?”

மேகத்துக்குள்ளிருந்து ஒரு கேள்விதான் வந்தது.

“அவ குரல் எப்படி இருக்கும்?”

“யார் குரல்?”

“சுகிர்தா குரல்.”

சங்கவி வாயைத் திறந்தாள். அந்தப் பெண்ணுக்காகத் தான் பேசியதெல்லாம் அவளுக்கு வரிவரியாக நினைவிருந்தது. தலையாட்டியது நினைவிருந்தது. நெற்றியில் ஒட்டியிருந்த ஈர முடிகூட நினைவிருந்தது. குரல் மட்டும் இல்லை.

“வா” என்றார் மங்கையர்க்கரசி. சுகிர்தாவின் விண்ணப்பத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

பள்ளிக்குக் கீழே இரண்டாவது வளைவில் ஒரு பஸ் நிழற்குடை. அதன் பெஞ்சில் சீருடையோடு, மடியில் பையோடு உட்கார்ந்திருந்தாள் சுகிர்தா. வீட்டில் பள்ளிக்கு என்று சொல்லிவிட்டுக் கிளம்பி, இங்கேயே இறங்கி, சாயங்கால பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்திருக்கிறாள்.

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மேடம்?” சங்கவி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“வெள்ளிக்கிழமை மதியம் இங்கதான் அவகூட உக்காந்து சாப்பிட்டேன்.”

“என்கிட்ட சொல்லவே இல்லயே?”

“நீ எங்க கேட்ட?”

மங்கையர்க்கரசி சுகிர்தாவுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்தார். சங்கவி மறுபக்கம் உட்கார்ந்ததும் உடனே ஆரம்பித்தாள்: “இங்க பாரு சுகிர்தா, உனக்கு என்ன பயம்னு எனக்குத் தெரியும்...”

மங்கையர்க்கரசி கைப்பையிலிருந்து ஒரு கமர்கட் மிட்டாயை எடுத்துச் சங்கவியிடம் நீட்டினார்.

“வாயில போட்டுக்க. கரையற வரைக்கும் பேசக் கூடாது.”

“மேடம்...”

“கடிக்கவும் கூடாது.”

கமர்கட் எவ்வளவு நேரம் தாங்கும் என்பது சின்ன வயதில் தெரிந்திருக்கும், பிறகு மறந்துவிடும். ஒரு பஸ் மேகத்திலிருந்து வந்து மேகத்துக்குள் போனது. முகப்பு விளக்குகள் இரண்டு மஞ்சள் பூக்கள் மாதிரி மிதந்து வந்து, அருகில் வந்ததும் சேறும் சத்தமுமாகி, மறுபடி பூக்களாகிப் போயின. தேயிலைச் சரிவு ஒரு முறை தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. பெஞ்சும் மூன்று பேரும் எங்கோ காற்றில் நிற்பது போல இருந்தது. இரண்டாவது பஸ் போனது. சங்கவி கன்னத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உப்பிக்கொண்டு, சொல்ல முடியாத வாதங்களை எச்சிலோடு விழுங்கிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது பஸ்ஸுக்குப் பிறகு சுகிர்தா பேசினாள். கரகரப்பான, கனத்த குரல். அந்த ஒல்லி உடம்புக்குள் அப்படி ஒரு குரல் இருக்கும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

“நர்சிங் வேணாம்னு நான் சொல்லல மிஸ். முதல் குரூப் வேணும்னும் சொல்லல.”

மங்கையர்க்கரசி சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அக்கா எனக்காக அவ்வளவு சண்டை போட்டாங்க. அதுக்கப்புறம் போய், இல்ல அக்கா, யோசிக்கணும்னு எப்படிச் சொல்றது? வகுப்புக்குப் போகவும் முடியல, போகாம இருக்கவும் முடியல. அதான் இங்க.”

“உனக்கு என்ன வேணும்?”

“தெரியல மிஸ்.”

சங்கவி தொண்டைக்குள் ஒரு சத்தம் எழுப்பினாள். கமர்கட் இன்னும் பாதி இருந்தது.

மங்கையர்க்கரசி விண்ணப்பத்தை எடுத்து முழங்காலில் வைத்தார். ‘முதல் குரூப்’ என்ற நீல எழுத்தின் குறுக்கே, சங்கவியின் கண்ணெதிரிலேயே, ஒரு கோடு இழுத்தார். பேனாவைச் சுகிர்தாவிடம் கொடுத்தார்.

“இப்பச் சொன்னியே, அதை எழுது.”

சுகிர்தா நம்பாமல் பார்த்தாள். பிறகு எழுதினாள்: தெரியவில்லை.

பள்ளிக்குத் திரும்பியதும், தலைமையாசிரியர் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இந்தப் பேர்ல நம்ம ஸ்கூல்ல குரூப் இல்லயே மேடம்.”

“இருக்கு சார். வகுப்புதான் இல்ல. நம்ம பிள்ளைங்க பாதிப் பேர் அதுலதான் இருக்காங்க. நாலு குரூப்லயும் ஒவ்வொரு நாள் உக்காரட்டும். வெள்ளிக்கிழமை எழுதிடுவா.”

“எல்லாப் பிள்ளையும் இப்படிக் கேட்டா?”

“கேட்டா நல்லதுதானே சார்.”

அவர் பெருமூச்சு விட்டார். “சரி, அதையும் பாப்போம்.”

செவ்வாய் முதல் குரூப். புதன் காமர்ஸ். வியாழன் வரலாறு. வெள்ளி நர்சிங். தினமும் பள்ளி விட்டதும் சுகிர்தா ஆலோசகர் அறைக்கு வந்தாள். மங்கையர்க்கரசி ஒரு பழைய வரைபடத்தைக் கவிழ்த்துப் போட்டு, அதன் வெள்ளை முதுகில் கோடு போட்டுக் காட்டினார். இந்தக் குரூப் எடுத்தால் எந்தக் கல்லூரி, எந்த ஊர், எங்கே விடுதி, எந்த உதவித்தொகை. எந்த வழி பாதியில் அடைபடும், அடைபட்டால் சுற்றிப் போக வழி உண்டா. சுகிர்தா விரலால் கோடுகளைத் தொடர்ந்து போனாள். மேகம் வந்து கோடுகள் மறைந்தால் விரலை அங்கேயே வைத்துக் காத்திருந்தாள். எது நல்லது என்று மங்கையர்க்கரசி ஒரு முறைகூடச் சொல்லவில்லை. சங்கவி தாங்க மாட்டாமல் இரண்டு முறை வெளியே போய் நின்றுவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணி. மங்கையர்க்கரசி குடையை எடுத்தார்.

“எங்க போறீங்க மேடம்? அவ வர்ற நேரம்.”

“இன்னைக்கு நீ கேளு” என்றார். மேசைமேல் ஒரு கமர்கட் வைத்துவிட்டுப் போனார்.

சுகிர்தா வந்து நின்றாள். “முடிவு பண்ணிட்டியா?” என்று சங்கவி கேட்டாள். கேட்ட கையோடு கமர்கட்டை வாயில் போட்டுக்கொண்டாள். சுகிர்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“முதல் குரூப் கஷ்டமெல்லாம் இல்லக்கா. கணக்கு எனக்கு வரும். ஆனா சார் நாள் முழுக்க போர்டுகிட்டயே பேசுறாரு. காமர்ஸ்ல இடமே இல்ல, ஜன்னல்மேல உக்காந்தேன். வரலாறு மிஸ் நல்லாக் கதை சொன்னாங்க, தூங்கிட்டேன். நல்ல தூக்கம்.”

சங்கவி கன்னத்தை மாற்றினாள்.

“இன்னைக்கு நாடி எண்ணச் சொன்னாங்க. பக்கத்துல இருந்தவ கையைப் பிடிச்சேன். அவ கூச்சத்துல சிரிச்சு சிரிச்சு மூணு தடவை எண்ணிக்கை விட்டுப்போச்சு. நாலாவது தடவை கிடைச்சுது. அப்புறம் பெல் அடிச்சதுகூடக் காதுல விழல.”

பேனாவை எடுத்து எழுதினாள். கீழே தேதி போட்டாள்.

சங்கவி படித்தாள். கமர்கட்டை முழுசாக விழுங்கிவிட்டாள்.

“இதுல டாக்டருக்குப் படிக்க வழி இல்ல. தெரியும்ல?”

“தெரியும்க்கா. அந்தக் கோடு எங்க முடியுதுன்னு மிஸ் காட்டிட்டாங்க.”

நாலு மணிக்குப் பட்டியல் ஏறியது. தலைமையாசிரியர் தாளைப் பார்த்துவிட்டு, குத்தலே இல்லாமல், உண்மையான சந்தோஷத்தோடு சொன்னார்: “நான் அன்னைக்கே பென்சில்ல போட்டதுதானேம்மா.”

சங்கவி ஆலோசகர் அறைக்குத் திரும்பியபோது அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. குடையை மடக்கி வைத்துவிட்டு மங்கையர்க்கரசி வரைபடங்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“மேடம், அவர் எழுதினதும் இதுதான். இவ எழுதினதும் இதுதான். அப்ப நடுவுல நாம பண்ணினதுக்கு என்ன அர்த்தம்?”

“என்னை ஏன் கேக்கிற?” என்றார் மங்கையர்க்கரசி. “பஸ் வர்ற நேரம். ஓடு.”

சங்கவி ஓடினாள். மேகத்துக்குள் பாதை இல்லை. காலுக்குத் தெரிந்த வளைவுகள் மட்டும் இருந்தன. இரண்டு மஞ்சள் பூக்கள் நிழற்குடை அருகே நின்றிருந்தன. சுகிர்தா படியில் கால் வைத்துவிட்டாள். நடத்துநர் விசிலை வாயில் வைத்திருந்தார்.

“சுகிர்தா, ஒரே ஒரு நிமிஷம். எச்.எம். அன்னைக்கு எழுதினதுக்கும் நீ இன்னைக்கு எழுதினதுக்கும் என்ன வித்தியாசம்?”

கேட்டுவிட்டு, வாயில் ஒன்றும் இல்லாமலேயே, சங்கவி காத்திருந்தாள். நடத்துநரும் என்னவோ விசிலை ஊதாமல் காத்திருந்தார்.

சுகிர்தா கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். அவசரமே படாமல் யோசித்தாள்.

“சார் எழுதினதை நீங்க அழிச்சீங்க. நீங்க எழுதினதை மிஸ் அடிச்சாங்க” என்றாள் அந்தக் கரகரத்த குரலில். “இதை அடிக்கணும்னா, அக்கா, என்னைத்தான் கேக்கணும்.”