பிரெஞ்சு வகுப்பில் ஒரே ஒரு இடம்

"சட்டுன்னு கையெழுத்து போடுங்க மேடம். பிரெஞ்சுல ஒரே ஒரு இடந்தான் பாக்கியாம். நாலு மணிக்கு ஆபீஸ் ஜன்னலைச் சாத்திடுவானாம்."

சௌந்தரவல்லி படிவத்தை நீட்டினாள். அவளுக்கு நாற்பத்தேழு வயது. பத்தொன்பதில் பாதியோடு விட்ட பட்டப்படிப்பை இப்போது மறுபடி பிடித்திருக்கிறாள்.

இந்தப் பருவத்துக்கு ஒரே ஒரு விருப்பப் பாடம். படிவத்தை ஜன்னலில் கொடுத்துவிட்டால் பிறகு மாற்ற முடியாது.

பேராசிரியை மங்கையர்க்கரசி அவளைவிடப் பதினாலு வயது சின்னவள். பாடத்தின் பெயர் எழுதவேண்டிய கோடு காலியாக இருந்தது. அப்படியே கையெழுத்திட்டு நீட்டினாள்.

"நான் இன்னும் எழுதவே இல்லையே?"

"படிக்கப்போறது நீங்கதானே."

சௌந்தரவல்லிக்கு என்னவோ போல் ஆனது. குழம்பில் உப்பு எவ்வளவு என்பதைத் தவிர வேறெதையும் யாரும் அவள் இஷ்டத்துக்கு விட்டதில்லை.

"ஒண்ணு கேக்கலாமா? பிரெஞ்சு எதுக்கு?" என்றாள் பேராசிரியை.

"எதுக்கா? அது என்னோடது மேடம்! காலேஜ்ல மூணு மாசம் படிச்சேன். அப்பா வந்தார், மாப்பிள்ளை பார்த்தாச்சுன்னார், ஹாஸ்டல்லேர்ந்து பெட்டியோட கூட்டிட்டுப் போனார். அன்னிலேர்ந்து மனசுல அது ஒண்ணுதான்."

"ஏதாவது சொல்லுங்களேன், பிரெஞ்சுல."

வாயைத் திறந்தாள். ஒன்று, இரண்டு வந்தது. ஆறு வரை வந்தது. ஏழில் நின்றது.

"துரு ஏறியிருக்கு. தேய்ச்சா வந்துடும்."

"சரி. அந்த வகுப்பு எப்படி இருக்கும்?"

இதற்கு மட்டும் தேய்க்கவே வேண்டியிருக்கவில்லை.

"மாடியில கடைசி ரூம். வெளியே நாகலிங்க மரம். மழை வந்தா சாரல் நேரா நோட்டுல விழும். ஆனா ஜன்னலைச் சாத்த விடமாட்டோம். பக்கத்துல எமரென்சியா. அருநெல்லிக்காயை மிளகாய்ப்பொடியில புரட்டி, பழைய டெஸ்ட் பேப்பர்ல மடிச்சு, பெஞ்சுக்கு அடியில தள்ளுவா, கழுதை. எனக்குக் கண்ணு ரெண்டும் கலங்கிடும். சிஸ்டர் அந்துவானெத் பாவம், கவிதையில உருகுறேன்னு நினைச்சு, என்னையே மறுபடி வாசிக்கச் சொல்வாங்க."

சிரித்தாள். தூக்கணாங்குருவி மாதிரி எமரென்சியா பின்னிவிட்ட சடை. வெந்நீருக்கு வரிசையில் நின்ற வாளிகள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு எழுதும் கடிதத்தை சிஸ்டர் படித்துப் பார்ப்பார்கள் என்று இருவரும் சேர்ந்து எழுதிய பச்சைப் பொய்கள். சொல்லிக்கொண்டே போனாள். கடிகாரம் பக்கம் திரும்பவே இல்லை.

"எமரென்சியா இப்போ எங்கே?"

"தெரியாது. கல்யாணத்துக்கு வந்தா. மொய்க் கவர்ல கூட அருநெல்லிக்காய் வெச்சிருந்தா. அதோட சரி."

முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

பேராசிரியை விருப்பப் பாடப் பட்டியலை எடுத்து அவள் முன் வைத்தாள். பேனாவின் மூடியைக் கழற்றி அதன் மேல் வைத்தாள்.

"பத்தொன்பது வயசு இதுல எங்கே இருக்குன்னு காட்டுங்க. அதையே எழுதிடலாம்."

"கிண்டலா மேடம்?"

"இல்லை."

சௌந்தரவல்லி முறைத்தாள். எதிரே இருந்தவள் அசையவில்லை.

வேறு வழியில்லாமல் குனிந்தாள். ஒரு வாரமாக அவள் பையிலும் கிடந்த அதே பட்டியல்தான். பிரெஞ்சு எங்கே என்று தேடி, அதற்குக் கீழே கோடு போட்டு, மடித்து வைத்தது.

மண்ணியல்.

நாணயவியல்.

விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது.

வராந்தாவின் கோடியிலிருந்து குமாஸ்தாவின் குரல் வந்தது.

"பிரெஞ்சு கேட்ட அம்மா! இங்கே ஒரு பொண்ணு அந்த இடத்துக்கு நிக்குது. குடுத்துடவா?"

"குடுத்துடுய்யா," என்றாள், தலை நிமிராமல். "கத்தாதே. நான் இப்பத்தான் மூணாவது வரிக்கு வந்திருக்கேன்."