ஜீப்புக்குச் சளி பிடித்த கதை

கருங்கல்மெட்டு ஜனங்களை முட்டாள்கள் என்று அடிவாரத்தில் பேசிக்கொள்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். யார் எதைச் சொன்னாலும் தட்டாமல் கேட்கிறவர்கள், அவ்வளவுதான். எதற்காகச் சொன்னார்கள் என்று மட்டும் யோசிக்க மாட்டார்கள்.

அந்த மலைக்கு இருப்பது ஒரே ஒரு ஜீப். ஒச்சப்பனுடையது. இருபது வயசு தாண்டிய பெட்ரோல் வண்டி. மாசாமாசம் ரேஷன் அரிசியை மேலே ஏற்றுவது அதன் வேலை. ஒச்சப்பன் வீட்டில் உலை கொதிப்பதும் அந்த வேலையால்தான். வீரணனும் மொக்கையனும் கூட இருந்து மூட்டை தூக்குகிறவர்கள். மூன்று பேரும் மாமன் மச்சான் முறை.

ஒரு மழைக்காலத்தில் வண்டியின் அடிவயிறு கல்லில் இடித்தது. அன்றிலிருந்து கறுப்புப் புகை. பெட்ரோலை மோர் குடிக்கிற மாதிரிக் குடித்தது. ஸ்டியரிங்குக்கு முன்னால் மஞ்சள் விளக்கு ஒன்று அணையாமல் எரிந்தது. மொக்கையன் அதற்குத் தினம் ஒரு பூ வைத்துக் கும்பிட்டான்.

செக்போஸ்ட் அதிகாரி புகையைப் பார்த்தார். புதன்கிழமை ஐந்து மணிக்குள் புகைச் சான்றிதழ் காட்டாவிட்டால் அரிசி ஏற்றும் வேலை கீழூர் ஜீப்புக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை காலையில் ஒச்சப்பன் அடிவாரத்து மெக்கானிக் யாசின் பாய்க்குப் போன் போட்டான். பாய் பொறுமைசாலி.

“புகைக் குழாயில ஒரு சென்சார் இருக்கும், ஒச்சு. வண்டிக்கு அதுதான் மூக்குன்னு வச்சுக்க. புகையை மோந்து பாத்து, பெட்ரோல் கூடிருச்சு, கொறைஞ்சிருச்சுன்னு இன்ஜினுக்குச் சொல்லும். அதைக் கழட்டிப் பாரு. சூடு ஆறுற வரைக்கும் மட்டும் தொட்டுறாத.”

மூன்று பேரும் வண்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

“ஆறிருக்கும், தொட்டுப் பாப்பமா?” என்றான் வீரணன்.

“ஆறுனப்புறம்தான் தொடணும்” என்றான் மொக்கையன்.

“ஆறுனது எப்படித் தெரியும்?”

“தொட்டுப் பாத்தாத்தான் தெரியும்.”

இப்படியே வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. ஒச்சப்பன் கடைசியில் தொண்டையைச் செருமினான். “மாப்ள, பாய் நம்மளைத்தான் தொடக் கூடாதுன்னாரு. கோழியை ஒண்ணும் சொல்லலையே.”

கோழியைப் பிடித்து பானெட் மேல் வைத்தார்கள். அது இறங்காமல் அங்கேயே குந்திக்கொண்டது. சூடு ஆறிவிட்டது என்று ஏகமனதாக முடிவாயிற்று. ஆனால் கோழிக்கு அந்த இடம் பிடித்துப்போய் முட்டையிட ஆயத்தமாகிவிட்டது. முட்டையிடுகிற கோழியை எந்தப் பாவி எழுப்புவான்? பொழுது சாயும்போதுதான் அதுவாக எழுந்தது. திங்கட்கிழமை அதோடு தீர்ந்தது.

செவ்வாய்க்கிழமை சென்சாரைக் கழற்றினார்கள். சுண்டுவிரல் தண்டிக்கு ஒரு இரும்பு, வால் மாதிரி ஒயர். மறுபடியும் போன். நுனி எப்படி இருக்கிறது என்று பாய் கேட்டார். அட்டக்கரியாய் இருக்கிறது என்றான் ஒச்சப்பன். கரி அப்பி அடைத்திருக்கும் என்று பாய் சொல்லும்போதே சிக்னல் போய்விட்டது.

மூக்கு அடைத்துக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்று மலைக்காரனுக்குத் தெரியாதா? நொச்சி இலை போட்டு வெந்நீர் கொதிக்க வைத்தார்கள். சென்சார் தானாகத் தலையைக் குனிந்து ஆவி பிடிக்காது அல்லவா, அதனால் மொக்கையன் அதைக் கையில் பிடித்துக்கொண்டு கம்பளிக்குள் புகுந்தான். அரைமணி நேரம் கழித்து வேர்க்க விறுவிறுக்க வெளியே வந்தான். பத்து வருஷமாக அவனுக்கு இருந்த தலைபாரம் அன்றோடு விட்டது. சென்சார் மட்டும் தேறவில்லை.

துணியால் துடைக்கும்போதுதான் நுனி விரிசல் விட்டு ஆடுவது கண்ணில் பட்டது. “சளி இல்ல மச்சான், மூக்கே ஒடைஞ்சிருக்கு” என்றான் வீரணன். மூன்றாவது போன். பாய், பழசையே இருந்த இடத்தில் மாட்டி, வண்டியை மெதுவாக இறக்கிக்கொண்டு வரும்படியும், தான் புதுசு போட்டுத் தருவதாகவும் சொன்னார்.

ஒச்சப்பனுக்கு மனசு ஒப்பவில்லை. உடைந்த மூக்கோடு வண்டியை மலையில் எப்படி இறக்குவது? பெட்ரோல் கூடுகிறதா குறைகிறதா என்று யார் மோந்து சொல்வது? எல்லாரும் வீரணனைப் பார்த்தார்கள். எதிர்மலையில் எந்த வீட்டில் நெத்திலி வறுக்கிறார்கள் என்று இங்கிருந்தே சொல்லுகிறவன் அவன்.

புதன்கிழமை விடிந்ததும் வீரணனை வண்டியின் பின்படியில் குப்புறப் படுக்க வைத்து, இடுப்பில் கயிறு கட்டி, மூக்கைப் புகைக் குழாய்க்கு நேரே வைத்தார்கள். அவன் மோந்து சொல்வதை நடுவில் இருக்கும் மொக்கையன் வாங்கி ஒச்சப்பனிடம் சொல்ல வேண்டும்.

முதல் வளைவில், “பெட்ரோல் வாடை” என்று செய்தி வந்தது. ஒச்சப்பன் காலைத் தளர்த்தினான். இரண்டாவது வளைவில், “பலாப்பழம்” என்று வந்தது. ஒச்சப்பன் வண்டியை நிறுத்திவிட்டான். பலாப்பழத்துக்கு மிதிக்க வேண்டுமா, விட வேண்டுமா? பாய் அதைச் சொல்லவில்லையே. கால்மணி நேரம் கலந்து பேசி, பழம் என்றால் இரண்டாவது கியர், பூ என்றால் முதல் கியர் என்று வகுத்துக்கொண்டார்கள். எட்டாவது வளைவில் “யானை” என்று வந்தபோது மட்டும் யாரும் கலந்து பேசவில்லை.

அடிவாரம் சேரும்போது மணி மூன்று. வீரணன் முகத்தில் பல்லும் கண்ணும்தான் வெள்ளை. யாசின் பாய் அவனைப் பார்த்தார், ஒச்சப்பனைப் பார்த்தார், ஸ்பானரை எடுத்தார். கால்மணியில் புது சென்சார் ஏறியது. மஞ்சள் விளக்கு அணைந்தது. புகையும் நின்றது.

பக்கத்திலேயே புகை சோதிக்கிற கடை. அங்கே போயும் வீரணன் குழாய்ப் பக்கத்தை விட்டு நகரவில்லை. “புது மூக்கு. வேலை தெரியாது. கூட இருந்து ரெண்டு வார்த்தை சொல்லிக் குடுத்துட்டு வாரேன்” என்று அங்கேயே முகத்தை வைத்துக்கொண்டான். கடைக்காரர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அப்புறம் வண்டியின் பின்பக்கத்தைப் படம் எடுத்து, சான்றிதழை அச்சடித்துக் கொடுத்தார். வண்டி தேறிவிட்டது. படத்தில் நம்பர் பலகை, புகைக் குழாய், அதற்குப் பக்கத்தில் வீரணன்.

ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது செக்போஸ்டில் நீட்டினார்கள். அதிகாரி அவசரத்தில் இருந்தார். நம்பரை மட்டும் சரிபார்த்து, “இது ஆறு மாசத்துக்குச் செல்லும். வண்டி படத்துல உள்ளபடியே இருக்கணும், எதையும் மாத்தக் கூடாது” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அரிசி வேலை தப்பியது. ஒச்சப்பன் சான்றிதழைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, படத்தை இன்னொரு தரம் பார்த்தான். அப்புறம் வீரணனைப் பார்த்தான். வீரணன் பின்படியில் போய்க் குப்புறப் படுத்தான். சர்க்கார் சொன்னதை மீற முடியுமா? மறுநாளே அவன் பெண்டாட்டி வெள்ளைத்தாய் படிக்கு ஒரு மெத்தை தைத்துக் கொடுத்தாள்.

மூன்று மாசம் அரிசி குறைவில்லாமல் ஏறியது. நாலாவது மாசம் பனி இறங்கி, வீரணனுக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. காய்ச்சல் வேறு. வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அதைக் கிளப்ப யாருக்கும் துணிச்சல் வரவில்லை. விடிந்தால் அரிசி ஏற்ற வேண்டிய நாள். ஒச்சப்பனும் மொக்கையனும் வீரணனைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு பதினெட்டு வளைவையும் நடந்தே இறங்கிப் பட்டறை வாசலில் வைத்தார்கள்.

யாசின் பாய் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “என்ன ஒச்சு, ஆளுக்குக் காய்ச்சலா? ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்ல இருக்கு.”

“ஆஸ்பத்திரிக்கெல்லாம் நேரமில்ல பாய், நாளைக்கு அரிசி ஏத்தணும்” என்றான் ஒச்சப்பன். “இவனை இங்க வச்சுக்கிட்டு, இதே அளவுல சளியில்லாதது ஒண்ணு இருந்தா குடுங்க. மூஞ்சி மட்டும் படத்துல உள்ள மாதிரியே கறுப்பா இருக்கணும்.”